டிப்போ அண்ணனுக்கு ஒரு தட்டு

ஜூன் 2

அப்பாவுக்கு,

நேற்று போனில் அப்படிக் கத்தியது நான்தானா என்று எனக்கே நம்ப முடியவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் பெண் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "உனக்குக் குரல்கூட இருக்கா?" என்று கேட்டாள். வீட்டில் என் பெயர் ஊமைக்கோட்டான் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

இனிமேல் போன் வேண்டாம் அப்பா. பஸ் இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் காது பாதி போய்விட்டது. நான் இங்கே கத்த, நீங்கள் அங்கே கத்த, நடுவில் அம்மாதான் அவதிப்படுகிறாள். போனில் என் குரல் கேட்டதும் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குள்ளும் என்னைத் தேடினாளாமே. தையற்கார அக்கா சொன்னார். எதிர்வீட்டு ஜன்னலில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு நம் வீட்டில் எதுதான் தெரியாது?

அவர் இன்னொன்றும் சொன்னார். இரவில் அம்மாவின் கையைத் துணியால் கட்டிப் போடுகிறீர்களாம். அதைக் கேட்டபோது நான் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எந்தச் சீட்டை எந்தப் பாட்டிலில் ஒட்டினேன் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியதாயிற்று.

மருத்துவர் சொன்னதை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேனே, அதைப் பாருங்கள். பகலில் தூங்க விடக்கூடாது. சாயங்காலம் டீ கூடாது. தூக்க மாத்திரை அரைக்கு மேல் கூடாது. இருட்டும் முன்பே விளக்குப் போட வேண்டும். பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக, அன்பாகப் பேச வேண்டும். ஒரு நிமிடம்கூடத் தனியாக விட்டு வெளியே போகக்கூடாது. அந்தக் கடைசி வரிக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். கட்டிப் போடலாம் என்று எங்கேயும் எழுதவில்லை.

நான் சொன்ன காப்பகத்தை நேரில் போய்ப் பார்த்தேன். மறதி நோய்க்காரர்களுக்கென்றே தனி மாடி. எண் அழுத்தினால்தான் கதவு திறக்கும். தரை சுத்தமாக இருக்கிறது. மாதக் கடைசியில் ஒரு படுக்கை காலியாகிறது. முப்பதாம் தேதிவரை நமக்காக வைத்திருப்பதாக மேட்ரன் சொன்னார். நீங்கள் கூடத் தங்க முடியாது. சாயங்காலம் பார்க்க விடுவார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாகும்வரை லீவு கிடையாது. நான் வந்து உங்களோடு மாறி மாறிக் கண் விழிக்க வழியில்லை. யோசித்து எழுதுங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 6

மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. அம்மா அதை வாங்கிக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு மடித்துத் தலையணை உறைக்குள் போட்டுவிட்டாள். அவள் அசந்த நேரம் பார்த்து எடுக்க ஒரு பகல் ஆகிவிட்டது. அதனால்தான் பதில் தாமதம்.

கட்டிப் போட்டேனாம். அந்தத் தையற்காரி பாதியைப் பார்த்துவிட்டு முழுசாகச் சொல்லியிருக்கிறாள். பழைய போர்வையில் கிழித்த துணி. ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறுமுனை என் மணிக்கட்டில். அவள் எழுந்தால் என் கை இழுபடும், நானும் எழுந்துவிடுவேன். எனக்குத்தான் காது கேட்காதே. யார் யாரைக் கட்டிப் போட்டது என்று நீயே சொல்லு.

நீ சுவரில் ஒட்டிய காகிதப்படிதான் எல்லாம் நடக்கிறது. ஒரு நிமிடம்கூட நான் வாசல் தாண்டவில்லை. முடி வெட்டப் போகவில்லை. முனைக் கடை டீயை மறந்தே போனேன். கடைக்காரன் நான் செத்துவிட்டேனா என்று தையற்காரியிடம் விசாரித்தானாம்.

பகலெல்லாம் அவள் சமர்த்து. பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்கும். முதலில் ஜன்னல். திரையை விலக்கித் தெருமுனையைப் பார்ப்பாள். அப்புறம் கதவு. நான் தாழ்ப்பாள் போட்டால் அவள் எடுப்பாள், நான் மறுபடி போட்டால் மறுபடி எடுப்பாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டை எடுத்து வைத்து இன்னொரு தட்டால் மூடுவாள். மூடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல். விடிகிறவரை இதே டிரிப்தான். நான் பின்னாலேயே போய், "உக்காரும்மா, ஒண்ணும் இல்லம்மா, நான் இருக்கேன்ல" என்று நீ சொன்னபடி மெதுவாக, அன்பாகச் சொல்கிறேன். சொல்லச் சொல்லப் படபடப்பு ஏறுகிறது.

இன்னொரு கூத்து. நான் அவளுக்கு இப்போது அண்ணன். "நிக்கிறீங்களே, உக்காருங்கண்ணே. தண்ணி குடிக்கிறீங்களா அண்ணே?" என்று ஒரே உபசாரம். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக அவள் பேசியதே இல்லை. சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வரவில்லை.

எண் அழுத்தினால் திறக்கும் கதவுக்குள் அவளை விட்டுவிட்டு நான் இங்கே கால் நீட்டிப் படுக்க வேண்டுமா? பயணிகளை நடுரோட்டில் விட்டுவிட்டு இறங்கிப் போன டிரைவர் என்று இதுவரைக்கும் நான் பெயர் எடுத்ததில்லை. அந்த மேட்ரன் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


ஜூன் 9

அப்பாவுக்கு,

அம்மா ராத்திரி கீழே விழுந்தாளாமே. நெற்றியில் தையல் போட்டார்களாமே. இரண்டு நாள் கழித்துத் தையற்கார அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

தூக்க மாத்திரை எத்தனை கொடுத்தீர்கள்? மருத்துவர் எழுதிக் கொடுத்தது அரை மாத்திரை, அதுவும் ரொம்ப முடியாத நாளில் மட்டும். "உங்க அப்பா மாத்திரை அட்டையக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு" என்று அக்கா சொன்னார். எனக்கு நேராகப் பதில் எழுதுங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டுமாவது.

நான் மேட்ரனிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.

மகள்


ஜூன் 12

மகளுக்கு,

நேராகவே சொல்கிறேன். ஒன்று கொடுத்தேன். கேட்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன். அவளுக்காகக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். எனக்காகத்தான் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது. மாத்திரை அவளைப் படுக்கவும் வைக்கவில்லை, நிற்கவும் விடவில்லை. தள்ளாடிக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். நான் கண் அசந்தேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கையில் இருந்த துணி இழுத்துத்தான் எழுந்தேன்.

நெற்றியில் ரத்தம் வழியத் தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து என்ன கேட்டாள் தெரியுமா? "மறைக்காதீங்கண்ணே. எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்." எதைச் சொல்ல? இதையேதான் தினமும் கேட்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் ஒன்றும் இல்லை என்பேன். அவள் உதடு நடுங்கும். இந்த நோயில் இப்படிக் கன்னாபின்னாவென்று பேசுவார்கள் என்று மருத்துவரே சொன்னாரே, அதுதான் இது போலிருக்கிறது.

நேற்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டேன். பகலில். பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. தையற்காரி ஓடிவந்து அணைத்தாள். அம்மா அந்தப் புகைக்குள் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இத்தனை வருஷம் ஓட்டிய வண்டியில் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. என் வீட்டுக்குள்ளேயே இப்படி ஆகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவனை நானே திட்டியிருக்கிறேன். இப்போது நானே அந்த ஆள்.

நீ சொன்ன இடத்துக்கே கூட்டி வருகிறேன். வருகிற 22ஆம் தேதி சனிக்கிழமை காலை வண்டிக்கு இடம் போட்டாயிற்று. மேட்ரன் அம்மாவிடம் சொல்லிவிடு. அவளுக்கு வலது பக்கம் சுவர் இருக்கிற படுக்கையாகக் கேட்டு வாங்கு. சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுப்பாள்.

அப்பா


ஜூன் 15

அப்பாவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் தையற்கார அக்காவிடம் சொல்லி அனுப்பினால் பாதியிலேயே நீங்கள் "சரி சரி" என்று திரும்பிவிடுவீர்கள். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் வைத்துப் படித்தேன். சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுப்பாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் இரண்டாம் ஷிப்ட் முடித்து வரும்போது அம்மா அப்படிப் படுத்திருப்பாள். அதனால் தெரியும். அதற்கு முன்பு அவள் எப்படி இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் அவள் பக்கத்தில் படுத்திருந்தவள்.

நீங்கள் வருகிறவரை அம்மா தூங்கியதே இல்லை அப்பா. ஒரு நாள்கூட.

விளக்கை அணைத்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். நான் தூங்கின பிறகும் தட்டுவாள். நான் தூங்கிவிட்டதுபோலக் கிடந்து பார்த்திருக்கிறேன். நடுவில் எழுந்து ஜன்னல் திரையை விலக்குவாள், கதவின் தாழ்ப்பாள் எடுத்திருக்கிறதா என்று பார்ப்பாள், உங்கள் தட்டின் மூடியைத் தொடுவாள், மறுபடி வந்து தட்டுவாள். உங்கள் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டதும் அந்தக் கை நின்றுவிடும். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்வாள். நீங்கள் குழாயடியில் கால் கழுவுவீர்கள். சில்லறை என்று நீங்கள் பெயர் வைத்திருந்த கண்டக்டரை முணுமுணுவென்று திட்டுவீர்கள். தட்டைத் திறந்து நின்றபடியே சாப்பிடுவீர்கள். கை கழுவும் சத்தம் கேட்டதும் அம்மாவின் மூச்சு மாறும். அதற்குப் பிறகுதான் நிஜத் தூக்கம்.

ஒருமுறை கேட்டேன், முழித்துக்கொண்டே ஏன் தூங்குவதுபோல் படுத்திருக்கிறாய் என்று. "நான் முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா உங்கப்பா வேகமா ஓட்டிட்டு வருவாரு. சொல்லித் தொலைச்சிடாதே" என்றாள். நான் சொல்லவில்லை. நான்தான் ஊமைக்கோட்டானாயிற்றே.

இப்போது அவள் செய்வதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல், தாழ்ப்பாள், தட்டு. அவள் கன்னாபின்னாவென்று எதுவும் செய்யவில்லை. நீங்கள் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

அப்புறம் அந்த அண்ணன். பின் தெருவில் இருந்த டிரைவர் விபத்தில் போனாரே, நினைவிருக்கிறதா? அன்று அவர் வீட்டுக்கு டிப்போவிலிருந்து ஒருவர் வந்தார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். அந்த மனிதர் நேராக எதையும் சொல்லவில்லை. காக்கிக் கால்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணும் இல்லம்மா, உக்காரும்மா, நான் இருக்கேன்ல" என்று மெதுவாக, அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த டிரைவரின் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நீங்கள் இப்போதும் அந்தப் பழைய காக்கியைத்தானே போட்டிருக்கிறீர்கள்?

அம்மாவுக்குத் தன் வீட்டில் ஒரு டிப்போ ஆள் ராத்திரி பூராவும் உட்கார்ந்திருக்கிறார். விடிந்தாலும் போவதில்லை. வாயைத் திறந்தால் ஒன்றும் இல்லை என்கிறார். யாருக்குத்தான் தூக்கம் வரும்?

அதனால் நீங்கள் ஒருமுறை வெளியே போய்விட்டு, வீட்டுக்கு வாருங்கள். சைக்கிளோடு. தையற்கார அக்காவை அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். நான் சிவப்புக் கோடு போட்ட வரிக்கு இது நேர் எதிர் என்று தெரிகிறது. ஆனாலும் செய்து பாருங்கள்.

மகள்


ஜூன் 18

மகளுக்கு,

படித்தேன். இரண்டு தரம் படித்தேன்.

நான் அவளை எழுப்பிவிடக் கூடாது என்று திருடன் மாதிரி வீட்டுக்குள் வருவேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவேன். அவள் முழித்துக்கொண்டே படுத்திருந்தாள் என்று என்னை விட்டுவிட்டு உனக்குச் சொல்லியிருக்கிறாள். அம்மாவும் மகளும் சேர்ந்து இத்தனை நாள் என்னை நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள்.

போகட்டும். நீ சொன்னபடி நேற்று செய்தேன். சைக்கிளுக்கு இரண்டு டயரிலும் காற்றில்லை. உருட்டிக்கொண்டே தெருமுனைவரை போனேன். தையற்காரி உள்ளே இருந்தாள். வெளியே நின்ற நேரமெல்லாம் ஒரே நினைப்பு. உள்ளே என்ன ஆகிறதோ, விழுந்துவிட்டாளோ என்று. தாங்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு ஓட்டமாக உள்ளே வந்தேன். நேராக அவளிடம் போய்க் கையைப் பிடித்து, "வந்துட்டேம்மா, பயப்படாதே, நான் வந்துட்டேன் பாரு" என்றேன்.

அவள் போட்ட சத்தம் என் காதுக்கே கேட்டது. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "உசுரோட இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்கண்ணே" என்றாள். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. தையற்காரி அழுதுவிட்டாள். நெற்றித் தையல் பிரிந்து மறுபடி ரத்தம்.

உன் படிப்பு எனக்குப் பெருமைதான். ஆனால் இது உன் பாட்டில் தண்ணீர் இல்லை, சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்க. இனி இந்தச் சோதனை எல்லாம் வேண்டாம். அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை வண்டி. நீ நிறுத்தத்துக்கு வந்து நில்.

அப்பா


ஜூன் 20

அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் நாளைக்குள் வந்தால் உங்களுக்கு ஒரே ஒரு இரவு மிச்சம் இருக்கும். கோபப்பட்டுக்கொண்டாவது படியுங்கள்.

தையற்கார அக்காவிடம் நீங்கள் உள்ளே நுழைந்தது முதல் நடந்ததை எல்லாம் கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டு போட்ட சத்தம் வந்ததா என்றேன். இல்லை என்றார். குழாய்? இல்லை. தட்டு? தொடவே இல்லை. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு குழைவாகப் பேசினீர்களாம். அப்படி ஓடிவந்து கையைப் பிடிக்கிறவர்கள் யார் அப்பா? கெட்ட செய்தி கொண்டுவருகிறவர்கள்தான்.

நீங்கள் என்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைப் பிடித்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. உங்களை அவளுக்கு அப்படித் தெரியாது என்கிறேன்.

அன்பாக வராதீர்கள். அலுத்துப்போய் வாருங்கள். ஸ்டாண்டைக் காலால் உதைத்துப் போடுங்கள். வாளியை நகர்த்துங்கள். சில்லறையைத் திட்டுங்கள். அம்மா இருக்கிற பக்கமே திரும்பாதீர்கள். அவள் ஜன்னலில் நின்றாலும் கதவடியில் நின்றாலும் பார்க்காததுபோல நேராக அடுப்படிக்குப் போங்கள். மூடியைத் திறந்து சாப்பிடுங்கள்.

பயம் எனக்கும் இருக்கிறது. இன்னொரு முறை அவள் அப்படி அலறினால் அது என்னால்தான் என்று எனக்குத் தெரியும். காப்பகத்தில் படுக்கை விரித்துத் தயாராக இருக்கிறது. வலது பக்கம் சுவர். சனிக்கிழமை நிறுத்தத்துக்கு வந்து நிற்பேன். நீங்கள் இறங்கினால் கூட்டிப் போவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

மகள்


ஜூன் 22, சனிக்கிழமை

மகளுக்கு,

இதை எழுதும்போது நீ நிறுத்தத்தில் நின்றுகொண்டிருப்பாய். வண்டி உனக்கு முன்னால் வந்து நின்றிருக்கும், எல்லோரும் இறங்கியிருப்பார்கள். தையற்காரியை உனக்குப் போன் போடச் சொன்னேன். போட்டாளோ இல்லையோ. பொழுது விடிந்ததிலிருந்து அவளும் ஒரே கொட்டாவி.

நேற்று மத்தியானம் உன் கூரியர் வந்தது. கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பிரித்தேன். "அன்பாக வராதீர்கள்" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பெற்ற மகள் அப்பனுக்கு எழுதுகிற கடிதமா இது!

சைக்கிளுக்குக் காற்றடித்தேன். முனைக் கடையில் ஒரு டீ குடித்தேன். கடைக்காரன் என்னைப் பார்த்து, "பேய் டீ குடிக்குமா?" என்றான். இந்தத் தடவை உடனே திரும்பவில்லை. டிப்போ வரைக்கும் மிதித்தேன். முட்டி வலி உயிர் போயிற்று. வாயில் காவலாளி புது ஆள், உள்ளே விடவில்லை. வெளியிலிருந்தே கொஞ்ச நேரம் வண்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நிஜமாகவே அலுத்துவிட்டது. நடிக்க வேண்டிய வேலையே இல்லை.

ஸ்டாண்டை உதைத்தேன். ஜன்னலில் அவள் நிழல் தெரிந்தது. பார்க்கவில்லை. வாளியை நகர்த்திக் கால் கழுவினேன். "இந்தச் சில்லறைப் பய இருக்கானே, மீதி குடுக்காம ஒரு பொம்பளையோட வம்பு வளத்து, அரை மணி நேரம் வண்டிய நடுரோட்டுல நிப்பாட்ட வச்சுட்டான்" என்று சத்தமாகவே சொன்னேன். சில்லறை வேலையை விட்டு வெளியூர் போய் எத்தனையோ காலம் ஆகிறது. திட்டுவதற்குச் சுகமாகத்தான் இருந்தது.

நேராக அடுப்படிக்குப் போனேன். தட்டு மூடி இருந்தது. திறந்தால் உள்ளே ஒரு சீப்பும் சோப்பு டப்பாவும். அவள்தானே எடுத்து வைத்தாள். என்ன செய்வது? இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, நின்றபடியே கரண்டியால் வெறும் தட்டைச் சுரண்டினேன். தண்ணீர் குடித்தேன். கை கழுவினேன்.

தையற்காரி அறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஸ்டாண்டு சத்தம் கேட்டதுமே அம்மா ஜன்னலை விட்டு விறுவிறுவென்று போய்ப் படுத்துக்கொண்டாளாம். போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாளாம்.

நான் போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். இமை துடித்தது. சின்னப் பிள்ளை தூங்குவதுபோல் நடிக்குமே, அப்படி. யாருக்கும் தெரியக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தொட வேண்டும்போலிருந்தது. தொட்டால் மறுபடி அண்ணன் ஆகிவிடுவேன். அதனால் எப்போதும்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடன் மாதிரி நகர்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு மாறியது. நீ எழுதியிருந்தாயே, அது எனக்குக் காதில் கேட்கவில்லை. போர்வை ஏறி இறங்குவதில் தெரிந்தது.

காலை வண்டி போய்விட்டது. அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

அப்பா


ஜூன் 28

அப்பாவுக்கு,

நிறுத்தத்தில் கடைசி ஆள் இறங்குகிறவரை நின்றேன். அக்காவின் போன் அப்புறம்தான் வந்தது. அழுகையும் கொட்டாவியுமாக அவர் சொன்னது பாதி புரியவில்லை. நான் அங்கேயே நடைமேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்று காப்பகத்துக்குப் போனேன். படுக்கை வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். மேட்ரனின் மேஜை முன்னால் நின்று என் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன். "சொல்லும்மா" என்று அவரே கேட்டார். சொன்னேன். "நல்லா யோசிச்சியா? அடுத்த படுக்கை எப்ப காலியாகும்னு என்னால சொல்ல முடியாது. இந்த நோய் இன்னிக்கு இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யோசித்தேனா என்றால் யோசித்தேன். நிச்சயமா என்றால் இல்லை. நான் வெளியே வருவதற்குள் வேறு யாரோ ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார்கள்.

ஒரு நாள் பலித்தது மறுநாள் பலிக்காமல் போனால் எனக்கு உடனே எழுதுங்கள். மறைக்காதீர்கள். நானும் அம்மா மாதிரி ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.

ஆய்வுக்கூடத் தலைவரிடம் போய் நானே பேசினேன். இரண்டு நாள் விடுமுறை கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் நடுவில் வருகிறேன். அதற்குள் அந்தச் சுவர்க் காகிதத்தில் சிவப்புக் கோடு போட்ட வரியை அடித்துவிடுங்கள். மாத்திரை வரியை மட்டும் அடிக்காதீர்கள்.

மகள்


ஜூலை 7

மகளுக்கு அப்பா எழுதுவது.

எல்லா நாளும் பலிக்கவில்லை. உன்னிடம் மறைக்கவில்லை. சில நாள் ஒரே டிரிப்பில் படுத்துவிடுகிறாள். சில நாள் நடுவில் முழித்து மறுபடி ஜன்னலுக்குப் போகிறாள், நான் மறுபடி வெளியே போய் மறுபடி வருகிறேன். முந்தாநாள் மூன்று டிரிப். கடைசி டிரிப்பில் சில்லறையைத் திட்ட வார்த்தையே மிச்சமில்லை. போன வாரம் ஒரு நாள் ஒன்றுக்கும் மசியவில்லை, விடிகிறவரை நடந்தாள். ஆனால் நான் பின்னால் நடக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். படபடப்பு அவ்வளவு இல்லை. மணிக்கட்டுத் துணியை எடுத்துவிட்டேன். தையற்காரி அதை வாங்கி மெஷின் துடைக்க வைத்துக்கொண்டாள்.

நான் வெளியே போகிற நேரம் அவள்தான் கூட இருக்கிறாள். மெஷினையே நம் வீட்டுக் கூடத்துக்குத் தூக்கி வந்துவிட்டாள். சாயங்காலம் தைக்கிற துணியெல்லாம் இங்கேதான். மெஷின் ஓடுகிற சத்தம் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. தட்டில் சாப்பாட்டை வைத்துக் கொடுத்துவிட்டால் மூடி வைப்பது மட்டும் அம்மா. சீப்பு, சோப்பு டப்பா எல்லாம் நின்றுவிட்டது.

நீ வரும்போது நேராக உள்ளே ஓடி வந்து கட்டிப் பிடிக்காதே. முதலில் கேட்டடியில் நின்று உன் பள்ளிக்கூட நாள்போல, "பசிக்குதும்மா" என்று கத்து. உனக்குக் கத்த வருமோ என்னவோ.

இன்னொன்று. உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான்கு நாளாக அடுப்படியில் இரண்டு தட்டு மூடி இருக்கிறது. தையற்காரி தப்பாக வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லையாம். அம்மா கேட்டு வாங்கி வைக்கிறாளாம். "அந்த டிப்போ அண்ணன் எங்க போனாரு? பாவம், நல்ல மனுஷன். அத்தனை ராத்திரி கண்ணு முழிச்சுத் துணைக்கு உக்காந்திருந்தாரு. நாந்தான் பயத்துல ஒரு வாய் சாப்பிடுங்கன்னுகூடச் சொல்லல. வந்தா வரட்டும், அவருக்கும் ஒண்ணு மூடி வைய்யி" என்றாளாம்.

தினமும் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து முதல் தட்டை நின்றபடியே சாப்பிடுகிறேன். அவள் தூங்கியதும் இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடுகிறேன்.

அப்பா